சுரைக்குடுக்கையும் ஒரு முட்டையும்

பிள்ளையை நீச்சல் வகுப்பில் சேர்த்த பெற்றோர் கொஞ்ச நாளில் வந்து நிற்பார்கள். "என்னென்ன வாங்கணும் சார்?" கடையில் சுவர் நிறைய தொங்குகிறது. கையில் மாட்டும் காற்றுப்பை, இடுப்பில் கட்டும் ஃபோம் பெல்ட், கிக் போர்டு, தொடை நடுவில் இடுக்கிக்கொள்ளும் எட்டு வடிவ மிதவை, உள்ளங்கையில் மாட்டும் பேடில், காலில் மாட்டும் ஃபின்ஸ், நெற்றிக்கு நேராக நிற்கும் ஸ்நார்கெல், தொப்பிக்குள் செருகினால் பீப் பீப் என்று தாளம் சொல்லும் பொத்தான். சரியான அசைவைக் கற்றுத்தரும் என்று எல்லா அட்டையிலும் எழுதியிருக்கிறது.

இது வேண்டும், அது வேண்டாம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடலாம்தான். ஆனால் அடுத்த மாதம் கடையில் புதிதாக இன்னொன்று தொங்கும், அந்தச் சீட்டு அதற்கு உதவாது. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. உட்காருங்கள், முதலிலிருந்து பார்ப்போம்.

தண்ணீரில் உடம்புக்கு என்ன நடக்கிறது? நெஞ்சுக்குள் நுரையீரலில் காற்று இருக்கிறது, அதனால் மேலுடம்பு மிதக்கப் பார்க்கும். தொடையும் காலும் எலும்பும் தசையுமானவை, அவை அமிழப் பார்க்கும். உடம்பின் எடை மையம் இடுப்புப் பக்கம் இருக்க, தண்ணீர் நம்மைத் தூக்கும் மையம் அதற்கு மேலே, நெஞ்சுப் பக்கம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சில சென்டிமீட்டர்தான். கால் கீழே இறங்க அது போதும். சறுக்குமரத்துக்குப் பக்கத்தில் பூங்காக்களில் ஏறி இறங்கும் பலகை இருக்கிறதே, சீ-சா, அதுதான் நீந்துகிறவரின் உடம்பு. நெஞ்சை லேசாகத் தண்ணீருக்குள் அழுத்தினால் இடுப்பு மேலே வரும். தோளைத் தூக்கினால் கால் இறங்கும்.

கால் இறங்கினால் என்ன என்று கேட்கலாம். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. படுத்த உடம்பு தலையளவு, தோளளவு இடத்தைக் கிழித்துக்கொண்டு போனால் போதும். சாய்ந்த உடம்போ நெஞ்சு, வயிறு, தொடை எல்லாவற்றையும் தண்ணீர் மேல் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் தண்ணீரின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதனால்தான் ஒரு பிள்ளை கையையும் காலையும் அடி அடியென்று அடித்தும் 10 மீட்டரில் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. கரையில் இருப்பவர்கள் "ஸ்டாமினா பத்தலை" என்பார்கள். பெரும்பாலும் குறை ஸ்டாமினாவில் இல்லை, அந்தப் பிள்ளை இன்னும் தண்ணீரில் படுக்கவில்லை.

படுப்பது ஏன் இவ்வளவு கடினம்? தரையில் பழகிய உடம்புக்குப் பயம் வந்தால் தலையை நிமிர்த்தத்தான் தெரியும். தலை நிமிர்ந்ததும் முதுகு வளைகிறது, இடுப்பு இறங்குகிறது. தூக்கிய தலையைத் தாங்கிப் பிடிக்கக் கைகள் தண்ணீரைப் பின்னால் தள்ளாமல் கீழே அழுத்துகின்றன. அழுத்த அழுத்தத் தோள் எழுகிறது, கால் இன்னும் இறங்குகிறது. நீச்சல் கற்பது என்றால் இந்தச் சுழலிலிருந்து வெளியே வருவதுதான். ஆகவே எந்தக் கருவியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இதை மாட்டிய பிள்ளை தண்ணீரில் எப்படி இருக்கிறது, நிற்கிறதா, படுத்திருக்கிறதா?

கையில் மாட்டும் காற்றுப்பையை இந்தக் கேள்வியோடு ஒருமுறை பாருங்கள். இரண்டு புஜத்திலும் காற்று. தோள் மேலே, கால் நேராகக் கீழே. பிள்ளை தண்ணீருக்குள் நின்றுகொண்டு சைக்கிள் மிதிக்கிறது. கைகள் பக்கவாட்டில் விரிந்து அழுத்திக்கொண்டே இருக்கின்றன. முகம் தண்ணீரைத் தொடுவதே இல்லை. பார்க்கிறவர்களுக்குப் பிள்ளை சந்தோஷமாக மிதக்கிறது, ஆனால் அந்த ஒரு மணி நேரமும் உடம்பு பழகுவது நிற்பதற்கு. பின்னால் கோச் அழிக்க வேண்டிய பழக்கம் அது. அதைவிடக் கவலையான விஷயம், இதை மாட்டினால் தண்ணீர் தன்னைத் தாங்கும் என்று பிள்ளை நம்பிவிடுகிறது. ஒருநாள் மாட்டாமலே இறங்கும். உயிர்காக்கும் சாதனம் அல்ல என்று பெரும்பாலும் அதன் உறையிலேயே அச்சடித்திருப்பார்கள். பொடி எழுத்து, யாரும் படிப்பதில்லை.

நம் ஊர்க் கிணறுகளில் காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிப் பிள்ளைகளை இறக்கிவிட்டார்கள். பிறகு பிளாஸ்டிக் கேன் வந்தது, லாரி டியூப் வந்தது. குடுக்கையும் மிதவைதான். ஆனால் அது முதுகில் இருந்ததால் பிள்ளை குப்புறப் படுத்தது, கையும் காலும் கட்டில்லாமல் இருந்தன. இன்னொரு முறையில், இடுப்பில் கயிறு கட்டி மறுமுனையை அப்பாவோ மாமாவோ படியில் நின்று பிடித்திருப்பார். பிள்ளை கொஞ்சம் மிதக்கத் தொடங்கியதும் அவர் கயிற்றைத் தளர்த்துவார். திணறினால் இழுப்பார், சமாளித்தால் மறுபடி விடுவார். கயிறு தாங்கவில்லை, தான்தான் மிதக்கிறோம் என்பது பிள்ளைக்கு அந்த நேரத்தில் தெரியாது. இந்தத் தளர்த்தலில் எவ்வளவு பெரிய விஷயம் இருக்கிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன் ஒரு வெளியூர்க்காரரைப் பார்த்துவிடுவோம். பெஞ்சமின் ஃபிராங்க்ளின், 1706-இல் பாஸ்டனில் பிறந்தவர். மின்னலையும் இடிதாங்கியையும் சொல்லி அவரை நமக்குத் தெரியும். நீச்சலில் பெரும்பித்து உள்ளவர் அவர். சிறுவனாக இருந்தபோது ஓவியர்கள் வண்ணம் குழைக்கும் தட்டைப் போல இரண்டு முட்டை வடிவப் பலகைகள் செய்தார். 10 அங்குல நீளம், 6 அங்குல அகலம், கட்டைவிரல் நுழைய ஓர் ஓட்டை. அவற்றைப் பிடித்துக்கொண்டு நீந்தினால் வேகம் கூடியது, மணிக்கட்டு வலித்தது. பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் இதை அவரே சொல்கிறார். இன்றைய பேடிலுக்கு முன்னோடி அதுதான். மணிக்கட்டு வலியைச் சொன்னாரே, அதையும் இன்றைய பேடில் கடைகள் எழுதிவைத்தால் நன்றாக இருக்கும்.

ஆனால் எனக்கு அவர் செய்த பலகையைவிட அவர் சொன்ன முட்டைதான் பெரிதாகத் தெரிகிறது. நீச்சல் தெரியாத நண்பர் ஒருவருக்கு எழுதிய இன்னொரு கடிதத்தில் அவர் ஒரு வழி சொல்கிறார். படிப்படியாக ஆழம் கூடும் தெளிந்த தண்ணீரில் மார்பளவுக்கு இறங்கு. கரையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள். உனக்கும் கரைக்கும் நடுவில் ஒரு முட்டையைப் போடு. அது அடியில் போய் உட்காரும், கண்ணுக்குத் தெரியும். இப்போது கண்ணைத் திறந்தபடி மூழ்கி அதை எடு.

எடுக்கப் போனால் என்ன ஆகிறது? உடம்பு அடிக்குப் போக மறுக்கிறது. தண்ணீர் மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. மூழ்கிவிடுவோம் என்று பயந்து வந்தவர் மூழ்கப் போராட வேண்டியிருக்கிறது. தண்ணீர் தாங்கும் என்று நூறு முறை சொல்லியும் நம்பாத உடம்பு, ஒரு முட்டையை எடுக்கப் போய் அதைத் தானே கண்டுபிடிக்கிறது. முகம் தண்ணீருக்குள், இடுப்பு மேலே, கண் அடியில். கோச் கத்திக் கத்திக் கேட்கிற நிலை இதுதான். யாரும் எதையும் சரிசெய்யாமலே அது வந்துவிட்டது.

அதே கடிதத்தில் தக்கை, காற்றுப்பை பற்றியும் ஃபிராங்க்ளின் பேசுகிறார். கையசைவைப் பழகும்போது உடம்பைத் தாங்க அவை உதவலாம். ஆனால் தண்ணீர் தாங்கும் என்ற நம்பிக்கை வராதவரை நீச்சல் வராது, அதை முதலில் பெற்றுக்கொள் என்கிறார். நம் கிணற்றடிப் பையன்களிடம் இதே பாடம் வேறு பெயரில் இருந்தது. அடிவரை முங்கி ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு வந்து காட்ட வேண்டும். காட்டினால்தான் நீச்சல் தெரிந்தவன். முட்டைக்குப் பதில் மண், அவ்வளவுதான்.

இப்போது கடைச் சுவருக்குத் திரும்புவோம். அங்கே தொங்குவதில் இரண்டு குணம் உண்டு. சில கருவிகள் உடம்பைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. சில, உடம்பு செய்யும் தவறை அதனிடமே காட்டிக்கொடுக்கின்றன. ஒரே கருவியே கட்டுகிற விதத்தைப் பொறுத்து அப்படியும் இப்படியும் ஆகும்.

பேடிலையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவிரலுக்கு ஒரு ரப்பர் பட்டை, மணிக்கட்டுக்கு ஒரு பட்டை. இரண்டையும் இறுக்கி மாட்டினால் கை எப்படி நுழைந்தாலும் பேடில் அங்கேயே இருக்கும். கட்டைவிரல் முதலில் நுழையலாம், கை தலைக்கு முன்னால் குறுக்கே போகலாம், முழங்கை தொய்யலாம். எதுவும் தெரியாது. பெரிய பரப்பு, அதிகத் தண்ணீர், வேகம் கூடுகிறது. தவறான பாதையிலேயே தோள் அந்த எடையை இழுக்கிறது. தோள்வலியோடு வரும் பதின்வயதுப் பிள்ளைகளிடம் நல்ல கோச் முதலில் வாங்கி வைப்பது பேடிலைத்தான்.

அதே பேடிலில் மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். விரல் பட்டை மட்டும். இப்போது உள்ளங்கை தண்ணீரை நேராகப் பின்னால் தள்ளும்வரை தண்ணீரே பேடிலைக் கையோடு ஒட்டவைக்கும். கை சற்றுத் திரும்பினால் போதும், ஓரத்தில் தண்ணீர் புகுந்து பேடில் படபடக்கும், கழன்று தொங்கும். யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த இழுப்பில், அந்த நொடியில், எங்கே தவறு நடந்தது என்பது கைக்கே தெரிந்துவிடுகிறது. பட்டையே இல்லாமல், கட்டைவிரல் நுழையும் ஓட்டை மட்டும் வைத்த பேடில்களும் இப்போது வருகின்றன. ஃபிராங்க்ளின் சிறுவனாகச் செய்த பலகை கிட்டத்தட்ட அப்படியே!

மல்லாந்து நீந்துகிறவர்களுக்கு இன்னும் மலிவான ஒன்று உண்டு. ஒரு பிளாஸ்டிக் கப்பில் பாதி தண்ணீர் ஊற்றி நெற்றியில் வைத்துக்கொண்டு நீந்தச் சொல்வார்கள். தோள் மாறி மாறி உருள வேண்டும், தலை அசையக் கூடாது. தலை தோளோடு சேர்ந்து திரும்பினால் கப் விழும். முதல் நாள் நாலு கை போடுவதற்குள் விழும். பிள்ளை சிரித்துக்கொண்டே எடுத்து மறுபடி வைக்கும். கழுத்தை இப்படி வை, தாடையை அப்படி வை என்ற பேச்சே இல்லை. கப் விழக் கூடாது என்பது மட்டும்தான் நினைப்பு. கழுத்து தன் வழியைத் தானே தேடிக்கொள்கிறது.

நினைப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் ஃப்ரீஸ்டைல் நீந்துகிறவர்களிடம் ஒருமுறை கையைப் பின்னால் இழுப்பதில் கவனம் வைக்கச் சொன்னார்கள், இன்னொரு முறை தண்ணீரைப் பின்னால் தள்ளுவதில் கவனம் வைக்கச் சொன்னார்கள். உடம்பு செய்ய வேண்டிய வேலை இரண்டிலும் ஒன்றுதான். தண்ணீரை நினைத்தபோது வேகமாக நீந்தினார்கள். கவனத்தை உடம்பிலிருந்து எடுத்து, உடம்பு வெளியே செய்யும் வேலையில் வைத்தால் அசைவு சீராகிறது என்பதைக் கபிரியேலே வுல்ஃப் என்ற ஆய்வாளர் 1990-களிலிருந்து பல விளையாட்டுகளில் காட்டிவருகிறார். முட்டையும் கப்பும் வேலை செய்வது இதனால்தான்.

பிடித்துவைக்கும் கருவிகள் எல்லாம் வீண் என்று சொல்ல வரவில்லை. தொடை நடுவில் வைக்கும் மிதவை இருக்கிறதே, அதை முதல்முறை இடுக்கிக்கொண்டு நீந்தும் பெரியவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். நாற்பது வயதுவரை கால் இழுத்துக்கொண்டே நீந்தியவருக்கு இடுப்பு சட்டென்று மேலே வருகிறது, உடம்பு நீளமாகிறது, ஒரு கைக்கு எவ்வளவு தூரம் போகிறோம் என்று ஆச்சரியப்படுகிறார். மட்டமாகப் படுப்பது எப்படி இருக்கும் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. தெரியாத ஒன்றைத் தேட முடியாது. ஆகவே அந்த உணர்வை ஒருமுறை காட்டித்தருவதில் அந்த மிதவைக்கு நிகரில்லை.

சிக்கல் அடுத்த நாள்தான் வருகிறது. சுகமாக இருக்கிறதே என்று அவர் அதைக் கழற்றவே மாட்டார். மிதவை இடுப்பைத் தூக்குகிற வேலையைச் செய்துவிடுவதால் வயிற்றுத் தசை சும்மா இருக்கிறது, காலடி நின்றுபோகிறது. ஒரு எளிய சோதனை உண்டு: மிதவையோடு 100 மீட்டர், ஓய்வெடுத்து மிதவை இல்லாமல் 100 மீட்டர். காலே அடிக்காமல் மிதவையோடு போன நேரம் குறைவாக இருந்தால், அவருடைய கால் இறங்கித்தான் கிடக்கிறது, மிதவை அதை மூடி மறைத்துக்கொண்டிருக்கிறது.

கயிற்றைத் தளர்த்தும் விஷயத்துக்கு இப்போது வரலாம். சால்மோனி, ஷ்மிட், வால்டர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1984-இல் பழைய ஆய்வுகளையெல்லாம் அலசி ஒன்றைச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் வழிகாட்டினால் பயிற்சியின்போது ஆள் நன்றாகச் செய்வார், ஆனால் வழிகாட்டலையே சார்ந்துவிடுவார். அதை எடுத்ததும் தடுமாறுவார். 1990-இல் கரோலி வின்ஸ்டீனும் ஷ்மிட்டும் இதைச் சோதித்தார்கள். கையால் ஒரு நெம்புகோலைக் குறிப்பிட்ட விதத்தில் அசைக்க வேண்டும். ஒரு குழுவுக்கு ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் எவ்வளவு தவறு என்று காட்டினார்கள். இன்னொரு குழுவுக்குப் பாதி முயற்சிகளுக்கு மட்டும், அதுவும் தொடக்கத்தில் அடிக்கடி, போகப் போகக் குறைத்துக் காட்டினார்கள். பயிற்சி நடக்கும்போது இரு குழுவும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் செய்தன. ஒரு நாள் கழித்து எதையும் காட்டாமல் சோதித்தபோது, பாதி மட்டும் பார்த்தவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள்.

இதன் காரணம் கொஞ்சம் யோசித்தால் விளங்கும். சொல்ல ஆளோ கருவியோ இல்லாத முயற்சிகளில் உடம்பு தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. தோள் எங்கே இருந்தது, தண்ணீர் எப்படித் தட்டியது, இடுப்பு இறங்கியதா. அந்தத் தேடல்தான் கற்றல். எப்போதும் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தால் தேட அவசியமில்லாமல் போகிறது. கிணற்றுப் படியில் நின்ற மாமாவுக்கு இந்த ஆய்வு எதுவும் தெரியாது, ஆனால் கயிற்றை எப்போது விடுவது என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

தாளம் சொல்லும் பொத்தான், கண்ணாடிக்குள்ளேயே வேகத்தையும் கைக்கணக்கையும் எழுத்தாக ஓட்டும் புதுக் கண்ணாடி, இவற்றுக்கும் இதே கணக்குத்தான். ஒரு சுற்று போட்டுக்கொள்ளலாம், ஒரு சுற்று அணைத்துவிட்டு நீந்தி, நேரம் என்ன வந்திருக்கும் என்று முதலில் ஊகித்துவிட்டுப் பிறகு பார்க்கலாம். செல்போனில் வீடியோ எடுக்கும் பெற்றோரும் பிள்ளை கரையேறியதும் திரையை நீட்டாமல் "எப்படி இருந்துச்சு? எந்தக் கை சரியா வரல?" என்று கேட்டுவிட்டுக் காட்டலாம். ஸ்நார்கெல் கொஞ்சம் வேறு மாதிரி. மூச்சுக்காகத் தலை திருப்பும் கவலையை எடுத்துவிடுவதால் தலையும் இடுப்பும் ஒரே கோட்டில் இருப்பதைப் பழக நல்ல வாய்ப்பு. ஆனால் ஃப்ரீஸ்டைலில் மூச்சும் கையசைவின் ஒரு பகுதி. அதைப் பிரித்தே வைத்திருந்தால் சேர்க்கும்போது எல்லாம் கலையும்.

கருவியே உடம்பின் வேலையைச் செய்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நீச்சல் உலகம் ஒருமுறை பார்த்தது. 2009-இல் ரோம் நகரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் பாலியூரித்தேன் உடைகளை அணிந்து நீந்தினார்கள். உடம்பை இறுக்கி, வழவழப்பாக்கி, தண்ணீரில் உயர்த்திப் பிடித்த உடைகள் அவை. ஒரே போட்டியில் 43 உலக சாதனைகள். 2010 ஜனவரியிலிருந்து அவற்றைத் தடைசெய்தார்கள். வேகத்தையோ மிதப்பையோ தாங்குதிறனையோ கூட்டும் எந்தச் சாதனத்துக்கும் போட்டியில் இடமில்லை என்று விதி சொல்கிறது. பயிற்சியில் எதை மாட்டிப் பழகினாலும் போட்டி நாளில் அதை மாட்ட முடியாது.

சரி, உங்கள் பிள்ளைக்கு என்ன வாங்குவது? ஆறேழு வயது என்றால் அடியில் போட்டு முங்கி எடுக்க நிறம் நிறமான குச்சிகள் விற்கிறார்கள். அவை நல்லவை, பளபளக்கும் ஒரு ஸ்பூன் போட்டாலும் போதும். இடுப்பளவுத் தண்ணீரில், கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும். கிக் போர்டு குளத்திலேயே இருக்கும். அதைப் பிடித்தபடி தலையை நிமிர்த்தியே போகிறதா என்று மட்டும் பாருங்கள்; அப்படியானால் போர்டை வாங்கி வைத்துவிட்டுக் கையை முன்னால் நீட்டி, முகத்தை உள்ளே வைத்துக் காலடிக்கச் சொல்லுங்கள். பேடில் இப்போது வேண்டவே வேண்டாம். கையில் தண்ணீரின் பிடி தெரிய வேண்டுமா, ஒரு சுற்று விரல்களை மடக்கி முஷ்டியோடு நீந்தச் சொல்லுங்கள், அடுத்த சுற்று விரிக்கச் சொல்லுங்கள். விரித்ததும் உள்ளங்கை எவ்வளவு பெரியது என்று பிள்ளைக்கே தெரியும். பெரியவர்கள் தொடை மிதவையை வாங்கிக்கொள்ளலாம், 25 மீட்டர் அதோடு, 25 மீட்டர் அது இல்லாமல். முழங்கால் காயத்திலிருந்து தேறிவருகிறவர்களுக்கு இந்தக் கண்டிப்பு கிடையாது, மருத்துவர் சொல்லும்வரை அதோடே நீந்தட்டும்.

காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால் நல்ல நீச்சல் கண்ணாடிக்குச் செலவழியுங்கள். அதை யாரும் பயிற்சிக் கருவியாக எண்ணுவதில்லை. ஆனால் பல பிள்ளைகள் தலையைத் தூக்குவது கண் எரிவதால்தான், அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாத பயத்தால்தான். தண்ணீர் கசியாத கண்ணாடி கிடைத்த அன்றைக்கே முகம் உள்ளே போகிறது, இடுப்பு மேலே வருகிறது. முகத்தோடு பொருந்துகிறதா என்று கடையிலேயே பட்டையை மாட்டாமல் கண்மேல் லேசாக அழுத்திப் பாருங்கள்; கொஞ்ச நேரம் தானாக ஒட்டி நின்றால் அளவு சரி. வாரத்தில் ஒரு நாள் அதையும் கழற்றிவைத்துவிட்டு இறங்கச் சொல்லுங்கள். கால் தவறித் தண்ணீரில் விழுகிற நாளில் பிள்ளையின் கண்ணில் கண்ணாடி இருக்காது.